ஆபரேஷன் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது?

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருத்தடைக்கு என்னவெல்லாம் இலவசம் என்று கேட்டால் பட்டியல் நீளமாகவே வரும். ஆணுறை, தினமும் போடும் மாலா-என் மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் போடும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் அந்தரா ஊசி, காப்பர்-டி, அவசரத்துக்கு ஈஸி பில், அப்புறம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிரந்தர ஆபரேஷன். இத்தனை வழி இருந்தும் தமிழ்நாட்டில் நடப்பது வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் சுமார் 58 விழுக்காட்டினர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மற்ற எல்லா முறைகளையும் சேர்த்தால்கூட நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் தேறுகிறது. ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பெண்களுக்கு ஆபரேஷன்தான் பிடித்திருக்கிறது போலும் என்று இதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். அப்படிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்த 58 விழுக்காட்டுக்குப் பின்னால் கூலி இருக்கிறது, மாமியார் இருக்கிறார், வெட்கம் இருக்கிறது, அரசு கொடுக்கும் பணம் இருக்கிறது, நாற்பது ஐம்பது வருடத்து அரசியலும் இருக்கிறது.

முதலில் 'கிடைப்பது' என்றால் என்ன என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். அலமாரியில் மாத்திரை இருப்பது ஆரம்பம்தான். அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும். வேலையைக் கெடுத்துக்கொள்ளாமல் போய் வாங்க முடிய வேண்டும். பக்க விளைவு என்னவென்று யாராவது சொல்ல வேண்டும். நாலு பேருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தால் அது நடக்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றும்போது நிறுத்தவும் முடிய வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறோம். காப்பர்-டியைப் பொருத்திக்கொள்ள ஒரே நாளில் முடிகிறது, எடுக்கச் சொன்னால் நாலு தடவை அலைய விடுகிறார்கள் என்றால் அவளுக்கு அந்த வசதி பாதிதான் கிடைத்திருக்கிறது.

சரி, பணத்திலிருந்து தொடங்குவோம். பணம் என்றால் மாத்திரையின் விலை மட்டும் இல்லை.

சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பர்-டி இலவசம். டவுன் பஸ்ஸும் பெண்களுக்கு 2021லிருந்து இலவசம். ஆனால் ஓ.பி. நடப்பது காலை நேரத்தில். அரை நாள் மட்டும் வருகிறேன் என்றால் மேஸ்திரி சேர்த்துக்கொள்ள மாட்டார், அன்றைய கூலி முழுதாகப் போச்சு. பொருத்திய பிறகு ஒருமுறை வந்து காட்டச் சொல்வார்கள், இன்னொரு கூலி. முதல் சில மாதங்களில் மாதவிலக்கின்போது உதிரப்போக்கு அதிகமாவது காப்பர்-டியில் சகஜம். பெரும்பாலும் ஆபத்தில்லை, போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் அதை அவள் அனுபவிப்பது கழிப்பறையே இல்லாத கட்டட வேலையிடத்தில். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பில், நாள் முழுக்கச் செங்கல் சுமக்கும் வேலையில், 'கொஞ்சம் அதிகமாகப் போகும், பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது.

மாத்திரை என்றால் மாதாமாதம் வாங்க வேண்டும், தினமும் நினைவாகப் போட வேண்டும், எங்கேயாவது வைக்க வேண்டும். ஒரே அறையுள்ள வீட்டில் அதை எங்கே வைப்பது? அரிசி டப்பாவுக்குள் வைத்தால் சமைக்கும் இன்னொருவர் கண்ணில் படும்.

ஆபரேஷனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பிரசவத்துக்கு எப்படியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள். அங்கேயே, அந்த நாட்களிலேயே முடிந்துவிடும். தனியாக வரத் தேவையில்லை, திரும்பத் திரும்ப அலைய வேண்டியதில்லை, கையில் கொஞ்சம் ஈட்டுத்தொகையும் வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பெண் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால் அவளை அறியாதவள் என்று சொல்லிவிட முடியாது. தன் நிலைமைக்குச் சரியான கணக்கைத்தான் போடுகிறாள். அவளுக்கு வேறு கணக்கு போட இடமில்லாமல் வைத்திருப்பதுதான் கேட்க வேண்டிய விஷயம்.

வசதியான வீட்டுப் பெண்ணுக்கு இதே முடிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். தனியார் மருத்துவரிடம் மாலை ஏழு மணிக்கு அப்பாயின்ட்மென்ட். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு பிராண்டு. கருப்பைக்குள் பொருத்தும், உதிரப்போக்கைக் குறைக்கும் ஹார்மோன் சாதனம் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அதையும் போட்டுக்கொள்ளலாம். இவளுக்கு முறைகளை மாற்றி மாற்றிப் பார்க்கக் காசு இருக்கிறது. சித்தாள் பெண்ணுக்கு ஒரே முயற்சிதான், அது தவறக் கூடாது.

பணத்தை அரசும் ஒரு பக்கம் சாய்த்துத்தான் வைத்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு ரொக்கம் கொடுக்கும் பழக்கத்தை 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநிலம் தொடங்கிவிட்டது. இன்றும் ஈட்டுத்தொகை உண்டு. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரே பெண் குழந்தை என்றால் அவள் பெயரில் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் வைப்புத்தொகை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் வந்த திட்டம், நல்ல நோக்கம். ஆனால் நிபந்தனைகளில் ஒன்று, ஆண் குழந்தை இருக்கக் கூடாது என்பதோடு, பெற்றோரில் ஒருவர் ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்பது. சான்றிதழ் கேட்பார்கள். காப்பர்-டி போட்டிருக்கிறேன், பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று சொன்னால் செல்லாது. மகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆகும் பணம் தாயின் கருக்குழாயோடு கட்டப்பட்டிருக்கிறது. 'பெற்றோரில் ஒருவர்' என்று விதி சொன்னாலும் அந்த ஒருவர் யார் என்பதை முதல் பத்தியில் இருக்கும் எண்களே சொல்லிவிடுகின்றன.

எப்போதும் இப்படியே இருந்ததா? இல்லை. இந்தியா 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது, உலகிலேயே அப்படிச் செய்த முதல் நாடு. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 1971 ஜூலையில் நடந்த ஒரே முகாமில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள், பணமும் பரிசுப் பொருள்களும் கொடுத்தார்கள். அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன்கள், அவற்றில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்களுக்கு. வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்தார்கள். 1977 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். அதன் பிறகு ஆண்களுக்கான ஆபரேஷனை ஊக்கமாக முன்வைக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வரவில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரைக் 'குடும்ப நலம்' என்று மாற்றினார்கள், இலக்கு மட்டும் மாறவில்லை. அந்த இலக்கை நிறைவேற்றும் பாரம் பெண்களின் உடம்பின் மேல் வந்து விழுந்தது. ஆணுக்கு நடந்த கட்டாயம் ஆட்சியைக் கவிழ்த்தது. பெண்ணுக்குப் பிரசவ வார்டில் நடக்கும் மென்மையான கட்டாயத்துக்கு அப்படி ஒரு பதில் இன்னும் வரவில்லை.

அதிகாரபூர்வமாக இலக்கு வைக்கும் முறையை 1996இல் கைவிட்டார்கள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு ஒரே மருத்துவர் ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். எல்லாரும் ஏழைகள். இரண்டு வருடம் கழித்து, தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, பாதுகாப்பு எவ்வளவோ மேல். ஆனால் கேள்வி கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். வலியில் கிடக்கும் பெண்ணிடம் நர்ஸ் கேட்பார், "ரெண்டாவதுதானே? அப்படியே ஆபரேஷனும் பண்ணிடலாமா?" கேட்பவர் கெட்டவர் இல்லை, நாற்பது படுக்கையைப் பார்த்துக்கொள்பவர். இருந்தாலும் அந்த நேரத்தில், அந்தக் கேள்விக்கு, 'வேறு என்னென்ன இருக்கு?' என்று திருப்பிக் கேட்க எத்தனை பேரால் முடியும்? சாதியும் படிப்பும் இங்கே பேசும். நன்றாக உடுத்தி, நாலு இங்கிலீஷ் வார்த்தை பேசுபவருக்கு விளக்கம் கிடைக்கும். மற்றவர்களுக்கு அதட்டல் கிடைக்கும். பிரசவத்தின்போது சொல்லாமலேயே காப்பர்-டி பொருத்திவிட்டார்கள் என்ற புகார்களும் செய்திகளில் வந்திருக்கின்றன.

நிரந்தரம் என்ற சொல்லின் கனம் 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் தெரிந்தது. சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த மீனவத் தாய்மார் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். முப்பது வயதுகூட ஆகாதவர்களும் அவர்களில் உண்டு. கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவையை இலவசமாகச் செய்துதர அரசு முன்வந்தது. அது எல்லாருக்கும் பலிக்கும் அறுவை இல்லை. இந்தியாவில் பெண்கள் ஆபரேஷன் செய்துகொள்ளும் நடு வயது 25, 26 வாக்கில்தான் இருக்கிறது. இருபத்தைந்து வயதில் எடுத்த முடிவை நாற்பது வயதுவரை மாற்றவே வேண்டியிருக்காது என்று யார் சொல்ல முடியும்?

இலங்கை மலையகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் இதே கூலிக் கணக்கு, லயம் எனும் வரிசை வீடுகளில் இதே ஒற்றை அறை. 1980களில் இலங்கை அரசும் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தது. தோட்டப் பகுதிகளில் நிரந்தர முறையின் பங்கு நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகமாகவே இருந்து வந்திருக்கிறது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆனதும் தொடங்கிவிடும், "ஏதாவது விசேஷம் உண்டா?" கோயிலில், கல்யாண மண்டபத்தில், தெருவில், போனில். முதல் குழந்தையைத் தள்ளிப்போடுவது என்பது இரண்டு பேர் எடுக்கும் முடிவாக இருப்பதில்லை. தள்ளிப்போட்டால் 'குறை யாரிடம்' என்ற விசாரணை வரும், அது பெரும்பாலும் பெண்ணிடம்தான் வந்து நிற்கும். மாத்திரை போட்டால் பிறகு குழந்தையே தங்காது என்ற பயம் வேறு. மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும் என்பது நன்கு உறுதியான மருத்துவ உண்மை. அந்தரா ஊசியை நிறுத்திய பிறகு மட்டும் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம், அதுவும் திரும்பும். ஆனால் இதைச் சொல்ல வேண்டிய சுகாதாரச் செவிலியர் புதுமணப் பெண்ணை எப்போது சந்திக்கிறார்? கர்ப்பம் பதிவு செய்யும்போது. நம் மொத்த ஏற்பாடும் கர்ப்பிணியைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பெண் அதன் கண்ணில் படுவதே இல்லை.

அந்தரா ஊசி வெளியில் யாருக்கும் தெரியாது, எங்கும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை, நல்ல முறை. ஆனால் முதல் சில மாதங்கள் ஒழுங்கில்லாமல் சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம். தூரமான நாளில் பூஜை அறைக்குப் போகக் கூடாது, தனிப் பாய், தனித் தட்டு என்று இருக்கும் வீட்டில் மாதத்தில் பதினைந்து நாள் அப்படியே போனால் என்ன ஆகும்? ஊரார் கேட்பார்கள், மாமியார் கேட்பார். அவள் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள். பதிவேட்டில் 'பக்க விளைவால் நிறுத்தியவர்' என்று எழுதுவார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த வீட்டின் தீட்டு வழக்கம்.

மெடிக்கல் ஷாப்பையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். ஆணுறை கேட்பவர் மற்றவர்கள் போகும்வரை இருமல் மருந்து விலையை விசாரித்துக்கொண்டிருப்பார். கடைக்காரர் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, மேசைக்குக் கீழாக நீட்டுவார். ஒரு பெண் கேட்டால் அந்த நாலு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவசரக் கருத்தடை மாத்திரை என்றால் தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மோசம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்று போட வேண்டிய மாத்திரை அது. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும், உண்டான கருவைக் கலைக்காது. மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005லிருந்து மத்திய அரசு அனுமதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் சட்டப்படி தடை இல்லை. ஆனாலும் பெரும்பாலான கடைகளில் வைப்பதே இல்லை. கேட்டால் "அதெல்லாம் இங்க விக்கிறதில்லை" என்பார்கள், கூடவே ஒரு பார்வை. வெளி மாநிலத்திலிருந்து வாங்கி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது எத்தனை பேருக்கு முடியும்? இந்த மறுப்பால் ஒழுக்கம் எதுவும் காப்பாற்றப்படவில்லை. கருக்கலைப்புகள்தான் கூடுகின்றன, அவற்றில் சில பாதுகாப்பில்லாத இடங்களில் நடக்கின்றன.

கல்யாணமாகாத பெண்கள் பற்றி மேலே சொன்ன முக்கியக் கணக்குகளில் பேச்சே இல்லை. அவை மணமான பெண்களை மட்டும் எண்ணுகின்றன. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயத்தில் பிள்ளைகள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை, கர்ப்பம் முற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

ஆண்கள்? அதே தேசியக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் 35 விழுக்காட்டினர், கருத்தடை என்பது பெண்களின் வேலை, ஆண் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கருத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆபரேஷன் செய்தால் பலம் போய்விடும், பாரம் தூக்க முடியாது என்ற நம்பிக்கை உடல் உழைப்பாளிகளிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. சம்பாதிக்கும் கையே போய்விடுமோ என்ற பயத்தை வெறும் ஆண் திமிர் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வீட்டில் அவளும்தான் சம்பாதிக்கிறாள்.

இப்போது ஒரு கலைச்சொல்லைத் தெரிந்துகொண்டால் செய்திகளைப் படிக்க உதவும். குழந்தை இப்போது வேண்டாம் அல்லது இனி வேண்டாம் என்று நினைத்தும் எந்தக் கருத்தடையும் பயன்படுத்தாத மணமான பெண்களின் விகிதத்தை 'நிறைவேறாத தேவை' என்பார்கள். 2019-21 கணக்கெடுப்பில் இந்தியாவில் அது 9.4 விழுக்காடு. குறைந்துகொண்டே வருகிறது, நல்ல சேதிதான். ஆனால் இந்த எண் எதைப் பார்க்காது என்று யோசியுங்கள். இரண்டாவது குழந்தைக்கு மூன்று வருடம் இடைவெளி வேண்டும் என்று நினைத்து, அதற்கு வழி கிடைக்காமல், அடுத்த வருடமே பெற்று, அப்போதே ஆபரேஷனும் செய்துகொண்ட பெண் இந்தக் கணக்கில் 'தேவை நிறைவேறியவர்' பக்கம் நிற்கிறாள். ஆபரேஷனைத் தவிர எதையும் யாரும் சொல்லாத பெண்ணும் அதே பக்கம்தான். அதே கணக்கெடுப்பில், கருத்தடை பயன்படுத்தும் இந்தியப் பெண்களில், பக்க விளைவுகள் பற்றித் தங்களுக்கு யாராவது சொன்னதாகக் கூறியவர்கள் 62 விழுக்காடு. மீதிப் பேர் தெரியாமலே ஒன்றை ஏற்றுக்கொண்டவர்கள். கருத்தடை எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைவிட, எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ண ஆரம்பித்தால் தமிழ்நாட்டின் பெருமை கொஞ்சம் குறையும். குறையட்டும்.

1930இலேயே 'குடிஅரசு' இதழில் பெரியார் இந்த வித்தியாசத்தைச் சுட்டிக் காட்டினார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காக, நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், தான் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்பதாக அவர் வாதிட்டார். நாட்டில் நடைமுறைக்கு வந்தது முதல் வகைத் திட்டம். மக்கள்தொகையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஆபரேஷன் போதும். அவள் விருப்பம் நோக்கம் என்றால் போதாது.

அவள் விருப்பமே நோக்கமாகும் நாள்வரை, நடைமுறையில் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில. பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டுதல். பல இடங்களில் "வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே" என்று கேட்பார்கள், கட்டாயமா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். கர்ப்பம் ஏழு எட்டு மாதமாக இருக்கும்போதே, செக்கப்புக்குப் போகும் ஒரு நாளில், பிரசவத்துக்குப் பின் என்னென்ன வழிகள் உண்டு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த பிறகு கேட்க நேரமிருக்காது. ஆண்களுக்கான தழும்பில்லாத ஆபரேஷன் சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீட்டுக்குப் போகலாம், சில நாள் ஓய்வு போதும், ஆண்மைக்கோ பலத்துக்கோ குறைவு வராது. ஆனால் செய்த பிறகும் மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பும் இடங்களில் வரும் கர்ப்பத்துக்கு மனைவிமேல் சந்தேகம் விழுந்த குடும்பங்கள் உண்டு. காப்பர்-டியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதற்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.